ரேக் மாறி உட்கார்ந்த புத்தகங்கள்

மனசப் பத்தி நல்ல புத்தகம் வேணும்னா உளவியல்னு போர்டு போட்ட ரேக் பக்கம் போகாதீங்க. கொஞ்சம் ஓவரா தான் சொல்றேன், தெரியுது, ஆனா சென்னை புத்தகக் கண்காட்சில ஒரு ரவுண்டு வந்தீங்கன்னா உங்களுக்கே புரியும், அந்த ரேக் முழுக்க பாசிட்டிவா யோசி, விடியக்காலைல எழு, கோடீஸ்வரன் ஆகுனு மொழிபெயர்ப்பு புக்கா அடுக்கி இருக்கும், பாதி அட்டைல சூரியன் உதிச்சிட்டு இருக்கும். வீடுனு தேடினா வாஸ்து, சமையல், கோலம். கலைனு தேடினா கோயில் சிற்பம் கொஞ்சம், பரதநாட்டியம் கொஞ்சம், மீதி எல்லாம் படம் வரையக் கத்துக்கலாம் வாங்க டைப். வாழ்க்கை வரலாறு மட்டும் குண்டு குண்டா நெறைய இருக்கும், அதுலயும் பாதி தலைவர்கள் ஜெயிலுக்குப் போன கதை தான்.

நான் ரொம்ப வருஷம் நாவல் மட்டுமே படிச்ச ஆளு. வேற எதையும் புக்குனே மதிக்க மாட்டேன். அப்புறம் ஒரு கட்டத்துல எந்த நாவல எடுத்தாலும் முதல் அத்தியாயத்தோட நின்னு போச்சு, யாரோ யாரையோ காதலிச்சா எனக்கென்னனு ஒரு சலிப்பு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஆபீஸ் டென்ஷனா இருக்கலாம் வயசா இருக்கலாம். அந்த சமயத்துல தான் திருவல்லிக்கேணி பாரதி சாலைல (பழைய ஆளுங்க இன்னும் பைகிராஃப்ட்ஸ் ரோடுனு தான் சொல்லுவாங்க) பிளாட்பாரத்துல பழைய புக்கு போட்டு விக்கிற இடத்துல கை போன போக்குல எடுக்க ஆரம்பிச்சேன். அங்க ரேக்கும் கெடையாது போர்டும் கெடையாது, ஐஐடி கைடுக்குக் கீழ கம்பராமாயணம் இருக்கும். அதான் நல்லதா போச்சு.

முதல்ல கைல மாட்டினது கலை விமர்சகர் ஜான் பெர்ஜரோட வேஸ் ஆஃப் சீயிங், படங்கள எப்படிப் பாக்கிறோம்னு பேசுற புக்கு. 1972-ல பிபிசி டிவில நாலு பகுதியா வந்த நிகழ்ச்சி, அதே வருஷம் புக்கா வந்தது. மொத்தம் ஏழு கட்டுரை, அதுல மூணுல எழுத்தே கெடையாது, வெறும் படம் மட்டும். இதென்னடா ஏமாத்து வேலைனு தான் தோணுச்சு. ஆனா அதுல ஒரு பக்கம் இருக்கு, வான்கோ வரைஞ்ச கோதுமை வயல், மேல கருப்பா பறவைங்க பறக்குது, சும்மா கொஞ்ச நேரம் பாருங்க அப்புறம் பக்கத்தத் திருப்புங்கனு சொல்லிட்டு, திருப்பினா அதே படம், கீழ ஒரு வரி, தற்கொலை பண்ணிக்கிறதுக்கு முன்னாடி அவர் வரைஞ்ச கடைசிப் படம் இதுன்னு. அவ்ளோ தான். அந்த ஒரு வரியால அதுவரைக்கும் வயலா இருந்தது திடீர்னு வேற என்னவோ ஆகிடுது, காக்கா எல்லாம் சகுனமா மாறிடுது. நம்ம கண்ணு அவ்ளோ சுலபமா பேச்சக் கேக்குமானு எனக்கு நெஜமாவே பயமா இருந்துச்சு.

இதுல இன்னொரு கூத்து என்னன்னா, அது கடைசிப் படமே இல்லையாம். மரத்தோட வேர் மட்டும் பெரிசு பெரிசா தெரியிற ஒரு படம் இருக்கு, ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற வான்கோ மியூசியம் அதைத் தான் கடைசின்னு சொல்றாங்க. ஆக பெர்ஜர் எதை எச்சரிக்கிறாரோ அதுக்கு அவரோட வரியே உதாரணமா ஆகிடுச்சு. இதுக்கே அந்த புக்கு மேல எனக்கு இன்னும் பிரியம் கூடிடுச்சு.

அங்கருந்து நேரா வான்கோ கடிதங்களுக்குப் போனேன். தம்பி தியோவுக்கு மட்டும் எழுதினதுலயே 600-க்கு மேல மிஞ்சியிருக்கு. எல்லாத்தையும் படிச்சேன்னு பொய் சொல்ல மாட்டேன், பொறுக்கி எடுத்த தொகுப்பு தான். கலர் வாங்கக் காசு அனுப்பு, கலர் தீந்துடுச்சு, மாடலுக்குக் காசு குடுக்கணும், மறுபடி கலர் வாங்கக் காசு அனுப்புனு வந்துட்டே இருக்கும், நடுவுல திடீர்னு வானத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருப்பாரு, அதைப் படிச்சிட்டு வெளிய போய் வானத்தப் பாக்கணும் போல இருக்கும். பைத்தியக்கார ஜீனியஸ்னு சினிமால காட்டுற ஆள் இதுல இல்ல. பயங்கரமா உழைக்கிற, நெறைய படிக்கிற, கணக்கு வழக்குல திணர்ற ஒரு ஆளு தான் இருக்காரு.

ஆனா என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது வான்கோ இல்ல, ஜோஹன்னா. தியோவோட மனைவி. 1889-ல கல்யாணம், 1890 ஜனவரில குழந்தை, அந்த ஜூலைல வின்சென்ட் (அதான் வான்கோ) போயிட்டாரு, ஆறு மாசத்துல, 1891 ஜனவரில தியோவும் போயிட்டாரு. இருபத்தெட்டு வயசுல கைல ஒரு வயசுக் குழந்தை, விக்காத படங்கள், ஒரு குவியல் கடிதம். ஹாலந்துல புஸ்ஸம்ங்கிற ஊருக்குப் போய் வீட்டையே லாட்ஜ் மாதிரி நடத்தி ஆளுங்களத் தங்க வெச்சு சாப்பாடு போட்டு சம்பாதிச்சுக்கிட்டே, சுவத்துல அந்தப் படங்கள மாட்டி வெச்சு, கடிதங்கள ஒண்ணொண்ணா வரிசைப்படுத்தியிருக்காங்க. பாதிக் கடிதத்துல தேதியே கெடையாது. 1914-ல தான் மூணு தொகுதியா வெளிய வந்துச்சு, அதே வருஷம் தியோ உடம்ப ஆவேர்ல வின்சென்ட் பக்கத்துல கொண்டு வந்து அடக்கம் பண்ண ஏற்பாடு பண்ணதும் அவங்க தான், அப்புறம் சாகிற வரைக்கும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துட்டு இருந்தாங்க. சோறு வடிச்சுப் போட்ட ஒரு வீட்டம்மா இல்லன்னா நமக்கெல்லாம் வான்கோ யாருன்னே தெரியாது. இப்ப சொல்லுங்க இந்தக் கடிதப் புத்தகத்த கலை ரேக்ல வெக்கிறதா, வாழ்க்கை வரலாறா, மனசா?

வீடும் அதுல இருக்கு. 1888 அக்டோபர்ல ஆர்ல்ஸ் ஊர்ல மஞ்ச வீட்ல இருந்தப்ப தன்னோட படுக்கையறைய வரைஞ்சதப் பத்தி தியோவுக்கு எழுதுறாரு, கூடவே சின்னதா ஸ்கெட்ச். சுவர் வெளிர் ஊதா, தரை செவப்பு ஓடு, கட்டில் மரம் புது வெண்ணெய் மஞ்சள், போர்வை பளீர்னு செவப்பு, ஜன்னல் பச்சைனு ஒவ்வொண்ணா சொல்லிட்டு, பாக்கிறவங்களுக்கு ஓய்வுங்கிற உணர்ச்சி வரணும், தலைக்கு ரெஸ்ட் கெடைக்கணும்ங்கிறாரு. ரெண்டு மாசத்துல அந்த வீட்ல தான் அவர் தன் காதையே அறுத்துக்கிட்ட சம்பவம் நடந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு படத்தப் பாத்தா பெர்ஜர் சொன்ன அதே வேலை நடக்குது, நாற்காலி கூட பயமா தெரியுது. நான் வேணும்னே வெண்ணெய் மஞ்சள மட்டும் பாக்கப் பழகிக்கிட்டேன்.

அப்புறம் நான் இருக்கிற வாடகை வீட்டு ரூம நிமிந்து பாத்தேன். ஹவுஸ் ஓனர் அடிச்ச அந்த ஆஸ்பத்திரிக் கலர். ஆணி அடிக்கக் கூடாதுனு அக்ரிமெண்ட்லயே இருக்கு.

வீடு பத்தின புக்குனா எனக்கு இப்ப லாரி பேக்கர் தான். திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இந்தியன் காபி ஹவுஸ் இருக்கே, செங்கல்ல ரவுண்டா சுத்தி ஏர்ற கட்டடம், உள்ள போனா மாடிப்படியே கெடையாது, சரிவுப் பாதை மேல போய்ட்டே இருக்கும், அது ஓரமா டேபிள் பெஞ்சு கட்டி வெச்சிருப்பாங்க, நாம சாய்வுல உக்காந்து நேரா காபி குடிப்போம். யாருடா கட்டினதுன்னு கேட்டு தான் பேக்கர் பேரு எனக்குத் தெரியும். 1917-ல பர்மிங்ஹாம்ல பொறந்தவரு, இந்தியாவுக்கு வந்து எலிசபெத்னு ஒரு மலையாளி டாக்டர கல்யாணம் பண்ணி, ரொம்ப வருஷம் இமயமலை பக்கம் பித்தோராகர்ல இருந்துட்டு அப்புறம் கேரளாவுக்கு வந்து, 2007-ல சாகிற வரைக்கும் திருவனந்தபுரத்துல தான் இருந்தாரு.

அவர் எழுதினது பெரிய புக்கு எல்லாம் இல்ல. சின்னச் சின்னக் கையேடு, கட்டடச் செலவ எப்படிக் குறைக்கிறது, மண்ணுல எப்படிக் கட்டுறதுன்னு, எல்லாம் அவரே கையால வரைஞ்ச படம், பக்கத்துல ரெண்டு மூணு வரி விளக்கம், நெட்லயே பிடிஎஃப்பா கெடைக்குது. செங்கல்ல படுக்கப் போடாம நிறுத்தி வெச்சு நடுவுல காலி இடம் விட்டுக் கட்டினா (ரேட் ட்ராப் பாண்டுனு பேரு, எலிப்பொறி மாதிரி) நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம், உள்ள இருக்கிற காத்து வெயில வேற தடுக்கும். தளம் போடுறப்ப கான்க்ரீட்டோட கீழ்ப்பாதி பெருசா பளு தாங்குறதில்ல, அங்க கான்க்ரீட்டுக்குப் பதிலா பழைய மங்களூர் ஓட்ட வெச்சிடு, கீழருந்து பாக்கவும் அழகுங்கிறாரு. காந்திய ஒரு தடவ பம்பாய்ல சந்திச்சப்ப, வீடு கட்டுற பொருள் எல்லாம் அஞ்சு மைல் சுத்தளவுக்குள்ள கெடைக்கணும்னு அவர் சொன்னாராம், அது மண்டைல ஒட்டிக்கிச்சுனு பேக்கரே சொல்லியிருக்காரு.

எனக்கு வீடு கட்ட வக்கும் இல்ல நிலமும் இல்ல. இருந்தும் அந்தக் கையேட்ட கதை புக்கு மாதிரி படிச்சேன். ஜன்னல்னு ஒண்ணு எதுக்கு, வெளிச்சத்துக்கா காத்துக்கா வெளிய பாக்கவா திருடன் வராம இருக்கவான்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்கிறத பாக்கிறதே ஒரு சொகம். அதுக்கப்புறம் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் சுவத்தத் தட்டிப் பாக்கிற வியாதி வந்துடுச்சு, வீட்ல உள்ளவங்க மானம் போகுதுங்கிறாங்க.

பிளாட்பாரத்துல இன்னொரு நாள் சமைத்துப் பார் பழைய பதிப்பு ஒண்ணு கெடைச்சது, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதினது, முதல் பாகம் வந்தது 1951-ல. கடைக்கார அண்ணன் என்னையும் புக்கையும் மாறி மாறிப் பாத்தாரு.

"என்னம்மா, கதை புக்கு கேக்கிற ஆளு சமையல் புக்க தூக்கிட்டு நிக்கிற?"

"இதுவும் கதை தான்ணா."

"அப்ப கதை புக்கு வெலையே குடு."

பேசாம இருந்திருக்கலாம்.

ஆனா நெஜமாவே அது கதை தான். சின்ன வயசுலயே கணவர இழந்தவங்க மீனாட்சி அம்மாள். சொந்தக்காரங்க எல்லாம் இது எப்படி செய்யிறது அது எப்படி செய்யிறதுனு கேட்டுட்டே இருக்க, வக்கீலா இருந்த மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் இதையெல்லாம் புக்காவே போட்டுடுன்னு சொல்ல, அப்படி வந்தது. அளவு எல்லாம் ஆழாக்கு, பலம், வீசை. தன்னைப் பத்தி எதுவும் சொல்லல, ஆனா பக்கத்துல பெரியவங்க யாரும் இல்லாம அடுப்பு முன்னாடி தனியா நிக்கிற பொண்ணு கிட்ட பேசுற குரல் புக்கு முழுக்க இருக்கு, எப்ப எறக்கணும், வாசனை எப்படி வந்தா சரி, எது தீஞ்சா என்ன பண்ணணும்னு. என் கைக்கு வந்த காப்பில அதுக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க ஓரத்துல பென்சில்ல கிராம் கணக்கு போட்டு வெச்சிருக்காங்க, ஒரு வத்தக்குழம்பு பக்கத்துல மட்டும் 'அப்பாவுக்கு உப்பு பாதி'னு எழுதியிருக்கு. யாரோட அப்பாவோ. பிபி இருந்திருக்கும்.

வாழ்க்கை வரலாறுனு போர்டு போட்டதுலயும் இதே மாதிரி தான், உள்ள போனா வீடு தான் முதல்ல வருது. உ.வே.சா.வோட என் சரித்திரத்த ஏட்டுச்சுவடி தேடின கதைன்னு நெனச்சு எடுத்தா, ஆரம்பமே உத்தமதானபுரம் எப்படி ஊராச்சுங்கிறது தான், ராஜா தானம் குடுத்த 48 வீடு, ரெண்டு வீட்டுக்கு ஒண்ணா 24 கிணறுனு. அப்பா சங்கீதக்காரர், கனம் கிருஷ்ணையர்கிட்ட கத்துக்கிட்டவர், கதை பண்ணிப் பொழைப்பு, அரியலூர், குன்னம்னு ஊர் ஊரா குடும்பத்தோட நகந்துட்டே இருக்காங்க, ஊர்க்காரங்க நெல்லு குடுத்து இருக்க இடம் குடுத்து ஆதரிக்கிறாங்க. தமிழ் தமிழ்னு அந்தப் பையன் அலையிறதுக்குப் பின்னாடி நிலையா ஒரு வாசப்படி இல்லாத ஏக்கமும் இருந்ததோன்னு எனக்கு ஒரு சந்தேகம், அறிஞர்கள் அடிக்க வருவாங்க, பரவால்ல. 1940-ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, 1942-ல அவர் இறந்ததால பாதிலயே நிக்குது. அது எனக்குப் பிடிச்சிருக்கு, முடிவுரை எழுதிக் கெடுக்காத வாழ்க்கை வரலாறு.

தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையப் பத்தி எழுதின கருக்கு (1992) நேர் எதிர்ப்பக்கம். அதுலயும் ஆரம்பத்துலயே ஊரு தான், மலை, குளம், தெருவெல்லாம் ஆசையா சொல்லிட்டே வந்து, எந்தத் தெருவுல யாரு, போஸ்ட் ஆபீஸ் பஞ்சாயத்து ஆபீஸ் கடைங்க எல்லாம் எந்தப் பக்கம், நம்ம தெரு எந்தப் பக்கம்னு சாதாரணமா சொல்லிடுறாங்க. கோபமா ஒரு வார்த்தை இல்ல. அந்த வரைபடத்தப் பாத்தாலே போதும். உ.வே.சா.வையும் பாமாவையும் அடுத்தடுத்து படிக்கணும், ஒரே வாரத்துல, தானமா வந்த வீடும் ஒதுக்கப்பட்ட தெருவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்போது தான் ரெண்டும் முழுசா தெரியுது. இதை எந்த சிலபஸ்லயும் சேத்து வெக்க மாட்டாங்க.

சரி, மனசு. சூரிய உதய அட்டைகள திட்டிட்டு நல்லதா ஒண்ணு கூட சொல்லாம போனா நியாயம் இல்ல. நரம்பியல் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரனோட ஃபேண்டம்ஸ் இன் தி ப்ரெய்ன், 1998, சாண்ட்ரா பிளேக்ஸ்லீ கூட சேந்து எழுதினது. நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. கை வெட்டி எடுத்தப்புறமும் அந்தக் கை இருக்கிற மாதிரியே தோணும், சிலருக்கு அந்த இல்லாத கை இறுக்கி மூடிக்கிட்டு நகம் குத்துற வலி இருக்கும், மாத்திரைக்குக் கேக்காது. இவரு என்ன பண்ணாருன்னா ஒரு அட்டைப்பெட்டில நடுவுல கண்ணாடி நிறுத்தி, நல்ல கைய ஒரு பக்கம் விடச் சொல்லி, கண்ணாடில தெரியிற பிம்பம் அந்த இல்லாத கை இருக்க வேண்டிய எடத்துல வர்ற மாதிரி வெச்சு, இப்ப ரெண்டு கையையும் மெதுவா விரிங்கனு சொல்றாரு. சிலருக்கு அந்த இல்லாத கை விரியுது, வலி விடுது. ஸ்கேன் மெஷின் எதுவும் கெடையாது, அட்டைப்பெட்டி, ஒரு கண்ணாடி. கன்னத்துல பஞ்சுக் குச்சிய வெச்சுத் தொட்டா வெட்டின கையோட விரல்ல தொட்ட மாதிரி இருக்குங்கிறாரு இன்னொருத்தர், ஏன்னா மூளைல முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, கைக்கு சேதி வராம காலியானதும் பக்கத்து வீட்டுக்காரன் உள்ள வந்துட்டான்.

அதுல இன்னொரு பையன். விபத்துல தலைல அடிபட்டு கோமால இருந்து மீண்டு வந்தவன், அம்மா அப்பாவப் பாத்து இவங்க அச்சு அசலா அவங்க மாதிரியே இருக்காங்க ஆனா அவங்க இல்ல, யாரோ நடிக்கிறாங்கங்கிறான். ஆனா அதே அப்பா போன்ல பேசினா அப்பான்னு பேசுறான். கண்ணுக்கும் உணர்ச்சிக்கும் நடுவுல இருக்கிற கம்பி அறுந்திருக்கு, காதோட கம்பி அறுகலங்கிறது ராமச்சந்திரன் சொல்ற விளக்கம். இதைப் படிச்சப்ப எனக்கு மறுபடி அந்தக் கோதுமை வயல் ஞாபகம் வந்துச்சு, பாக்கிறதுங்கிறது கண்ணோட மட்டும் முடியிற வேலை இல்லைனு கலை புக்கும் நரம்பு டாக்டர் புக்கும் ஒரே விஷயத்த தான் சொல்லுது, ரேக் மட்டும் வேற வேற மாடில.

நூலகங்கள்ல நெறைய இடத்துல டியூவி எண் முறை தான், 150 உளவியல், 640 வீட்டு நிர்வாகம், 700 கலை, 920 வாழ்க்கை வரலாறு. ஒரு புக்குக்கு ஒரு நம்பர், ஒரு சீட்டு, பஸ்ல ரிசர்வ் பண்ண மாதிரி. இது பத்தாதுன்னு சண்டை போட்டவரு நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவர 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகராப் போட்டாங்க, பயிற்சிக்கு லண்டன் போனவரு அங்க ஒரு பெரிய கடைல பசங்க விளையாடுற மெக்கானோ செட்டப் பாத்தாரு. துண்டுகள மாத்தி மாத்திப் பூட்டி புதுசு புதுசா பொம்மை செய்யலாம்ல, அதே மாதிரி புக்கோட விஷயத்தையும் துண்டு துண்டா பிரிச்சு சேத்து எண் குடுத்தா என்னன்னு கெளம்பினது தான் 1933-ல வந்த கோலன் பகுப்பு முறை. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நூலகங்களுக்குன்னு அவர் எழுதின ஐந்து விதில மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் உண்டுங்கிறது. கேக்க சாதாரணமா தான் இருக்கு. ஆனா நூலகத்துல அலமாரிய பூட்டி வெச்சு சீட்டு எழுதிக் குடுத்தா எடுத்துத் தர்ற பழக்கம் இருந்த காலத்துல, வாசகன உள்ள விடு, அவனே நடந்து பாத்து எடுக்கட்டும்னு சொன்னவரு அவரு. நான் கன்னிமாரால ஒரு ரேக்ல எதையோ தேடிப் போய் கீழ் வரிசைல வேற எதையோ எடுத்துட்டு வர்றதுக்கெல்லாம் அவருக்கு தான் நன்றி சொல்லணும்.

கன்னிமாரால எல்லாம் கெடைக்கும்னு சொல்றது சும்மா இல்ல, 1954 சட்டப்படி இந்தியாவுல வெளியாகிற ஒவ்வொரு புக்கும் ஒரு காப்பி அங்க போகணும், அப்படி நாலு நூலகம் தான் நாட்டுலயே. நல்லது கெட்டது எல்லாம் வந்து சேரும், சூரிய உதயமும் சேத்து தான்.

தமிழ்ல கலை புக்கு ஒண்ணாவது சொல்லுன்னு கேப்பீங்க. மயிலை சீனி. வேங்கடசாமியோட தமிழர் வளர்த்த அழகுக்கலைகள், நாட்டுடைமை ஆனதால நெட்ல இலவசமாவே படிக்கலாம். ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு எழுதினது, நடை கொஞ்சம் பழசு, ஆனா சித்தன்னவாசல்ல ஆரம்பிச்சு ஓவியம் எப்படி எல்லாம் அழிஞ்சு போச்சு, சுண்ணாம்பு அடிச்சே எவ்ளோ காலி பண்ணாங்கனு வயித்தெரிச்சலோட எழுதியிருப்பாரு. கலர்ல படம் போட்டு தரமான தமிழ் கலை புக்கு இன்னும் ரொம்பக் கம்மி தான், ஆர்ட் பேப்பர்ல கலர் அடிச்சா வெல எகிறிடும், ஆயிரம் காப்பி விக்கிறதே கஷ்டம்னு பதிப்பாளர் பக்கமும் நியாயம் இருக்கு. வாங்குற நாம தான் பிரியாணிக்கு யோசிக்காம குடுக்கிற காச இதுக்கு யோசிக்கிறோம்.

இப்ப ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்புல எறங்கியிருக்கேன். புதுச்சேரில ஃபிரெஞ்ச் கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியா (மொழிபெயர்ப்பாளர், இடையாள் மாதிரி) இருந்தவரு, 1736-ல எழுத ஆரம்பிச்சு, 1761-ல ஊரு இங்கிலீஷ்காரன் கைக்குப் போறதுக்குச் சில நாள் முன்னாடி சாகிற வரைக்கும் ஓடுது. கப்பல் வருது, கப்பல் போகுது, யாரு யாருக்கு என்ன சீர் செஞ்சாங்க, கவர்னர் பொண்டாட்டி என்ன சொன்னா, நட்சத்திரம் என்ன, துணி என்ன வெல, எல்லாம் ஒரே பக்கத்துல. இதை எந்த ரேக்ல வெச்சிருப்பாங்கனு நீங்களே பாத்துக்கோங்க. எனக்கு இன்னும் முதல் தொகுதி தாண்டல, உண்மைய சொன்னா கப்பல் கணக்குல கொஞ்சம் தூக்கம் வருது. முழுசா படிச்சவங்க யாராவது இருந்தா, எந்த வருஷத்துல இருந்து சூடு பிடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, நேரா அங்க போயிடுறேன்.